அடுத்த நாட்டின் நீதிக்குப் பணம் கொடுப்பது: நான்கு வழிகளில் எது?

வெளிநாட்டு உதவி சுருங்கும் காலம் இது. 2025 ஜூலை 1 அன்று அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் அந்நாட்டு வெளியுறவுத் துறைக்குள் கரைந்துபோனது. பிரிட்டன் 2027இல் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாக வெட்டப்போவதாக அறிவித்துவிட்டது. மருந்துக்கும் உணவுக்கும் ஒதுக்கவே கை தயங்கும் நேரத்தில், இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தையும் காவல் நிலையத்தையும் சீராக்க எதற்குப் பணம் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனாலும் இந்தச் செலவு அடியோடு நின்றுவிடப்போவதில்லை. ஐநா உறுப்பு நாடுகள் 2015இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பதினாறாவது இலக்கு சட்டத்தின் ஆட்சியைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. நிலப் பத்திரம் செல்லுமா, கூலி பாக்கி திரும்ப வருமா என்று தெரியாத ஊரில் மற்ற உதவிகளும் பாதி வழியில் காணாமற்போகும் என்பதை உதவி கொடுப்பவர்கள் பட்டு அறிந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நடுத்தர நாட்டின் உதவி அமைச்சகமோ ஓர் அறக்கட்டளையோ கையில் குறைந்த பணத்துடன் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டவை. இவற்றை ஒப்பிடும்போது நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். சட்டம் உண்மையிலேயே வேலைசெய்யத் தொடங்கினால் யாரோ சிலருக்கு நட்டம் வரும். அவர்கள் பெரும்பாலும் அமைச்சர், தளபதி, சுங்க அதிகாரி, ஊர்த் தலைவர் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள். அவர்கள் திருப்பி அடிக்கும் நாளில் அந்தத் திட்டம் என்ன ஆகிறது? திட்ட அறிக்கைகளில் இந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை.

கட்டடமும் பயிற்சியும் புதிய சட்டநூலும்

இதுதான் பழைய வழி. அதிகப் பணம் பாய்ந்ததும் இதில்தான். நீதிமன்றக் கட்டடம், கணினி, நீதிபதிகளுக்குப் பயிற்சி, வெளிநாட்டு வல்லுநர் வரைந்த சட்டம். இதன் முழு உருவத்தையும் பார்க்க ஆப்கானிஸ்தானைப் பார்த்தால் போதும்.

2002இல் நன்கொடை நாடுகள் அந்த நாட்டைத் துறைவாரியாகப் பிரித்துக்கொண்டன. ராணுவம் அமெரிக்காவுக்கு, காவல்துறை ஜெர்மனிக்கு, போதைப்பொருள் ஒழிப்பு பிரிட்டனுக்கு, ஆயுதக் களைவு ஜப்பானுக்கு, நீதித்துறை இத்தாலிக்கு. காவல்துறை பிடிப்பவரை விசாரிக்க வேண்டியது நீதித்துறை. இரண்டும் இரண்டு நாடுகளின் பொறுப்பு என்றால் கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. இத்தாலிய வல்லுநர்கள் முன்னின்று வரைந்த இடைக்காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதை நாள்தோறும் பயன்படுத்த வேண்டிய ஆப்கன் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அதன் ஆக்கத்தில் பங்கு மிகக் குறைவு.

ஆப்கன் மறுசீரமைப்பைக் கண்காணிக்க அமெரிக்கா அமைத்த தணிக்கை அலுவலகம் 2015 ஜூலையில் கணக்குப் பார்த்தது. 2003 முதல் குறைந்தது 66 திட்டங்கள், 100 கோடி டாலருக்கு மேல் செலவு; பயன் என்ன என்று முழுமையாகச் சொல்லத் துறைகளிடம் வழியில்லை என்று அந்த அறிக்கை முடிந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. பயிற்சிக்கு வந்தவர்களின் தலையை எண்ணுவது எளிது. நிலத்தகராறோடு நீதிமன்றம் போனவர் நியாயத்தோடு திரும்பினாரா என்பதை எண்ணுவது கடினம். அதே ஆண்டுகளில் நாட்டுப்புறத்து மக்கள் பலர் தங்கள் தகராறுகளைத் தாலிபன் நீதிமன்றங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். தாலிபன் மேல் அன்பு கொண்டு அவர்கள் போகவில்லை. லஞ்சம் கேட்க மாட்டார்கள், இழுத்தடிக்க மாட்டார்கள், தீர்ப்பு நிறைவேறும் என்ற எதிர்பார்ப்போடு போனார்கள். அரசு நீதிமன்றத்தில் இந்த மூன்றும் கிடைக்கவில்லை.

திருப்பி அடித்த நாள் இங்கே சீக்கிரமே வந்தது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் உதவியோடு உருவாக்கப்பட்ட பெருங்குற்றப் பிரிவு, 2010 ஜூலையில் அதிபர் கர்சாயின் மூத்த உதவியாளர் ஒருவரை லஞ்சக் குற்றச்சாட்டில் கைதுசெய்தது. சில மணி நேரத்தில் அதிபரின் தலையீட்டால் அவர் வெளியே வந்துவிட்டார். அதன்பின் அந்தப் பிரிவின் கைகளும் கட்டப்பட்டன. இருபதாண்டுப் பயிற்சியின் உண்மையான தேர்வு அந்தச் சில மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிட்டது என்பது என் கருத்து.

2021 ஆகஸ்டில் தாலிபன் ஆட்சியைப் பிடித்தபோது நேர்ந்தது அனைவரும் அறிந்தது. சுமார் 250 பெண் நீதிபதிகள், தாங்கள் சிறைக்கு அனுப்பியவர்கள் விடுதலையாகித் தேடி வரும் நிலையில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களில் பலரை வெளியேற்றப் பாடுபட்டது சர்வதேசப் பெண் நீதிபதிகள் சங்கம். பயிற்சிக்குப் பணம் கொடுத்த அரசுகளிடம் அதற்கான முன்னேற்பாடு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இந்தியாவும் இந்தக் கணக்கில் உண்டு. 2015 டிசம்பர் 25 அன்று பிரதமர் மோடி காபூலில் திறந்துவைத்த நாடாளுமன்றக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கூடுவதற்கு நாடாளுமன்றம்தான் இல்லை.

அதிகாரத்தோடு வரும் ஆணையம்

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் அச்சம் தருவதும். குவாத்தமாலாவில் ஐநாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி தண்டனையின்மைக்கு (குற்றம் செய்தவர் தண்டனையே இல்லாமல் தப்புவதற்கு) எதிரான சர்வதேச ஆணையம் ஒன்று அமைந்தது. ஸ்பானிய முதலெழுத்துகளைச் சேர்த்து அதை சிசிக் என்பார்கள். 2006 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்றது. முன்னர் வந்த ஒரு வரைவை அரசியல் சாசன நீதிமன்றம் 2004இல் தள்ளிவிட்டதால், இந்த முறை ஆணையம் தனியாக வழக்குப் போடாது. உள்நாட்டு அரசு வழக்கறிஞர்களோடு இணைந்தே விசாரிக்கும், அவர்களோடு சேர்ந்தே நீதிமன்றத்தில் நிற்கும் என்று அமைத்தார்கள். கட்டாயத்தில் வந்த அந்தத் திருத்தம்தான் அதன் பெரும் பலமாக மாறியது. உள்ளூர் வழக்கறிஞர்கள் தொலைபேசி ஒட்டுக்கேட்பு முதல் பணப்பாதை தேடுவது வரை எல்லாவற்றையும் வேலையிலேயே கற்றார்கள், வகுப்பறையில் கற்கவில்லை.

அதன் நம்பகத்தன்மையை ஊன்றியது ஒரு விநோதமான வழக்கு. 2009 மே மாதம் ரோட்ரிகோ ரோசன்பெர்க் என்ற வழக்கறிஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். "நான் இறந்திருந்தால் அதற்கு அதிபர் கோலோம்தான் காரணம்" என்ற பொருளில் அவர் முன்பே பதிவுசெய்த காணொளி வெளிவந்தது. நாடு கொந்தளித்தது. ஆணையம் விசாரித்து 2010 ஜனவரியில் சொன்னது: அவர் தன் கொலைக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்டார். ஆதாரங்களைக் கண்ட நாடு ஏற்றுக்கொண்டது. உள்நாட்டு அமைப்பு எதுவும் அதைச் சொல்லியிருந்தால், ஆட்சியில் இருப்பவரைக் காப்பாற்றும் கதை என்று தூக்கி எறிந்திருப்பார்கள்.

உச்சம் 2015. சுங்கவரியைச் சுருட்டும் ஒரு வலையமைப்பை ஏப்ரலில் ஆணையமும் அரசு வழக்கறிஞர்களும் அம்பலப்படுத்தினார்கள். மே மாதம் துணை அதிபர் ரொக்சானா பால்டெட்டி பதவி விலகினார், செப்டம்பர் 2 அன்று அதிபர் ஓட்டோ பெரேஸ் மொலினா பதவி விலகிச் சிறைக்குப் போனார். 2022 டிசம்பரில் இருவருக்கும் 16 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. ஆணையத்துக்கு ஆண்டுக்கு ஆன செலவு ஒன்றரைக் கோடி டாலர் அளவில். ஆப்கன் கணக்கோடு ஒப்பிட்டால் சில்லறை.

பலவீனம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதிபர் கேட்டுக்கொண்டால்தான் ஆணையத்தின் காலம் நீளும். பெரேஸ் மொலினாவே 2015 ஏப்ரலில் அழுத்தத்தின் கீழ் நீட்டிப்புக் கேட்டார். அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு அமெரிக்காவுடையது. அடுத்து வந்த ஜிம்மி மோராலெஸ் ஊழல் ஒழிப்பு முழக்கத்தில் வென்றவர். அவருடைய தேர்தல் நிதியை ஆணையம் விசாரிக்கத் தொடங்கியதும் 2017 ஆகஸ்டில் ஆணையர் இவான் வெலாஸ்கெஸை நாட்டில் இருக்க வேண்டாதவர் என்று அறிவித்தார். அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது. 2018 மே மாதம் அமெரிக்க செனட்டர் மார்க்கோ ரூபியோ ஆணையத்துக்குப் போகவேண்டிய 60 லட்சம் டாலரை நிறுத்திவைத்தார். காற்று மாறியதை மோராலெஸ் புரிந்துகொண்டார். 2018 ஆகஸ்ட் 31 அன்று, இனி நீட்டிப்பு இல்லை என்று ராணுவ, காவல் அதிகாரிகள் சூழ நின்று அறிவித்தார். அன்று ஆணைய அலுவலகத்தைச் சுற்றி வந்த ஜீப்புகள், போதைப்பொருள் ஒழிப்புக்காக அமெரிக்கா கொடுத்தவை. 2019 செப்டம்பரில் ஆணையம் மூடப்பட்டது. (அதே ரூபியோதான் பிறகு வெளியுறவு அமைச்சராக யுஎஸ்எய்டைத் தன் துறைக்குள் சேர்த்துக்கொண்டவர்.)

ஆணையம் போனபின் அடி உள்நாட்டவர் மேல் விழுந்தது. ஆணையத்தோடு பணியாற்றிய சிறப்பு வழக்கறிஞர் பிரிவின் தலைவர் ஹுவான் பிரான்சிஸ்கோ சாண்டோவால் 2021 ஜூலையில் நீக்கப்பட்ட இரவே நாட்டைவிட்டு ஓடினார். பல நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நாடுகடந்தார்கள், சிலர் சிறை சென்றார்கள். வெளிநாட்டு அலுவலர்களுக்குத் திரும்பிப்போக நாடு இருந்தது. இவர்களுக்கு அது இல்லை.

தமிழ் வாசகருக்கு இதோடு ஒப்பிட இன்னொரு நினைவு உண்டு. 2006 ஜனவரியில் திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றை விசாரிக்க இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழுவைக் கண்காணிக்க, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர்கள் குழு ஒன்று 2007இல் வந்தது. பார்வையிடலாம், கருத்துச் சொல்லலாம். அதற்கு மேல் அதிகாரம் இல்லை. உண்மையைக் கண்டறியும் அரசியல் விருப்பம் இல்லை என்று சொல்லி 2008இல் அந்தக் குழு வெளியேறியது. அதிகாரத்தோடு வந்த ஆணையத்தை விரட்ட ஓர் அதிபர் இரண்டாண்டு போராட வேண்டியிருந்தது. அதிகாரமில்லாத குழுவை யாரும் விரட்டவே தேவையிருக்கவில்லை.

நிபந்தனை

மூன்றாவது வழியில் திட்டமே கிடையாது. விலை மட்டும் உண்டு. இதைச் செய்தால் உறுப்பினராகலாம், இல்லாவிட்டால் இல்லை. ருமேனியா 2007 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, நீதித்துறைச் சீர்திருத்தம் முடியும்வரை ஆண்டுதோறும் கண்காணிப்பு என்ற நிபந்தனையோடு சேர்க்கப்பட்டது. அந்தக் கண்காணிப்பு 2023 வரை நீடித்தது. இதற்கிடையே ஊழல் தடுப்பு இயக்ககம் முன்னாள் பிரதமர் அட்ரியன் நஸ்தாசெ உட்படப் பலரைச் சிறைக்கு அனுப்பியது. 2017 ஜனவரி 31 இரவு, குறிப்பிட்ட தொகைக்குக் குறைவான பதவி முறைகேடு குற்றமல்ல என்று அரசு அவசர ஆணை பிறப்பித்தது. உறைபனியில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ஐந்தே நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இயக்ககத் தலைவர் லௌரா கொவேஷி 2018இல் நீக்கப்பட்டாலும் மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் தலைமை அரசு வழக்கறிஞராகத் தேர்வானார். அவரை நீக்க முனைந்து நின்ற ஆளுங்கட்சித் தலைவர் லிவியு ட்ராக்னியா 2019 மே மாதம் சிறை போனார்.

திருப்பி அடித்த நாளைத் தாங்கி நின்ற ஒரே பெரிய எடுத்துக்காட்டு இது. ஆனால் ஒரு நடுத்தர நன்கொடையாளருக்கு இதனால் பயன் குறைவு. ஒன்றிய உறுப்பினர் பதவி போன்ற பரிசு வேறு யாரிடமும் இல்லை. அந்த ஒன்றியத்துக்கும்கூட, பரிசைக் கொடுத்தபின் பிடி தளர்கிறது: 2004இல் எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் சேர்ந்த ஹங்கேரியின் நீதித்துறையைப் பற்றிப் பிறகு புலம்பி, 2022 டிசம்பரில் 630 கோடி யூரோ நிதியை முடக்கவேண்டி வந்தது. சிறிய பரிசுகளின் கதை இன்னும் மெலிந்தது. மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்று இலங்கைக்கான ஜிஎஸ்பி பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச்சலுகையை ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நிறுத்தியது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியும் சேர, 2017 மே மாதம் சலுகை திரும்பியது. ஐந்தாண்டு கழித்து, 2022இல், சில திருத்தங்கள் வந்தன. ஆடை ஏற்றுமதிக்கான வரிச்சலுகைக்கு ஓர் அரசு கொடுக்கத் தயாராக இருந்த விலை அவ்வளவுதான்.

ஊரில் ஒரு சட்ட உதவியாளர்

சியரா லியோனில் உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்தபோது நாட்டில் இருந்த வழக்கறிஞர்கள் சுமார் நூறு பேர். அவர்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் தலைநகர் ஃப்ரீடவுனில். தலைநகருக்கு வெளியே நியாயம் என்றால் ஊர்த்தலைவரும் வழக்காற்றுச் சட்டமும்தான். 2003இல் தொடங்கிய திமாப் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு, வழக்கறிஞர் பட்டமில்லாத உள்ளூர்க்காரர்களுக்கு அடிப்படைச் சட்டமும் சமரசப் பேச்சும் கற்றுக்கொடுத்து ஊர்களில் அமர்த்தியது. நம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் வைத்திருக்கும் சட்டத் தன்னார்வலர்களை நினைத்துக்கொள்ளலாம். வேறுபாடு, அங்கே இது சம்பளத்தோடு முழுநேர வேலை, பின்னால் ஒன்றிரண்டு வழக்கறிஞர்கள் எப்போதும் தயாராக இருப்பார்கள்.

வரும் வழக்குகள் சிறியவை. பிள்ளைக்குப் படியளக்காத தந்தை, குற்றச்சாட்டே இல்லாமல் அடைத்துவைத்த காவல் நிலையம், கண்டபடி அபராதம் போடும் ஊர்த்தலைவர், கூலி கொடுக்காத முதலாளி, பயிரை அழித்த சுரங்க நிறுவனம். பெரும்பாலானவை பேச்சில் முடியும். முடியாதபோது வழக்கறிஞர் நீதிமன்றம் போவார். அந்தச் சாத்தியம் இருப்பதால்தான் பேச்சில் முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாத சட்ட உதவியாளர் வெறும் சமாதானம் சொல்பவர் ஆகிவிடுவார். அப்படிப்பட்ட மலிவுப் பதிப்புகளுக்கு நன்கொடையாளர்கள் ஆசைப்படுவது உண்டு.

அதே நாட்டில் அதே ஆண்டுகளில் இயங்கிய ஐநா ஆதரவுச் சிறப்பு நீதிமன்றத்துக்குச் சுமார் 30 கோடி டாலர் ஆனது. லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லர் உட்பட ஒன்பது பேர் தண்டனை பெற்றார்கள். டெய்லருக்கு 50 ஆண்டு சிறை என்பது சிறிய சாதனையல்ல. போர்க்குற்றத்துக்கு அதற்கு நிகரான வழி வேறில்லை. ஆனால் அது கடந்தகாலத்துக்கான நீதி. 2013இல் நீதிமன்றம் வேலையை முடித்துக்கொண்டபோது, காவல் நிலையத்தில் அடைபட்டவருக்கு அது விட்டுச்சென்றது குறைவு.

ஊர் உதவியாளர்கள் விட்டுச்சென்றது கூடுதல். 2012இல் நிறைவேறிய சட்ட உதவிச் சட்டம் இவர்களை நாட்டின் சட்ட உதவி அமைப்பின் அங்கமாக ஏற்றது. நிலத்தகராறுகளில் கிடைத்த அனுபவம் 2022ஆம் ஆண்டு வழக்காற்று நில உரிமைச் சட்டத்துக்கு உரமானது. பெருநிறுவனங்கள் நிலம் எடுக்க ஊரின் முன்சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பக்கத்து லைபீரியாவில் கார்ட்டர் மையம் ஆதரித்த இதே வகைத் திட்டத்தை, உதவி பெற்றவர்களையும் பெறக் காத்திருந்தவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்ந்து பார்த்தார்கள். உதவி பெற்றவர்களின் வீட்டில் உணவு நிலை வரைக்கும் முன்னேற்றம் தெரிந்தது. இந்தத் துறையில் இப்படி அளந்து நிரூபித்தவை அரிது.

திருப்பி அடிக்கும் நாள்? இங்கே அது வருவதேயில்லை, அல்லது சிறு சிறு அடிகளாக வருகிறது. அபராதம் குறைந்த ஊர்த்தலைவர் முறைத்துக்கொள்வார். அதிபர் ஜீப் அனுப்பமாட்டார். இதுதான் இந்த வழியின் பலம், இதுவேதான் அதன் எல்லையும். சுங்கவரியைச் சுருட்டும் துணை அதிபரை ஓர் ஊர்ச் சட்ட உதவியாளரால் தொடவே முடியாது. இதை மறைத்துப் பேசும் ஆதரவாளர்களிடம் எனக்குப் பொறுமையில்லை.

எதற்கு எவ்வளவு

ஐரோப்பிய ஒன்றியம் போன்ற பரிசு கையில் இல்லாதவர் மூன்றாவது வழியை மறந்துவிடலாம். முதல் வழியில், அந்நாட்டு நீதிபதிகளே கேட்டு, அந்நாட்டுக் கருவூலமும் பங்கு போட்டால் ஒழிய, நான் ஒரு ரூபாயும் வைக்கமாட்டேன். மீதி இரண்டுக்கிடையில் பணத்தில் பத்துக்கு ஆறு பங்கு ஊர் உதவியாளர்களுக்கும் அவர்களின் பின்னால் நிற்கும் வழக்கறிஞர்களுக்கும் போகட்டும்.

ஆணையத்துக்கு மூன்று பங்கு, அதுவும் சிசிக் ஒப்பந்தத்தின் ஓட்டைகளை அடைத்தபின். குறைந்தது ஆறாண்டுக் காலம். ஒருவருடைய கையெழுத்தால் முடிக்க முடியாத விதி. பணத்தை முன்கூட்டியே ஒரு பொறுப்புக் கணக்கில் போட்டுவிடுவது, தலைநகர் ஒன்றில் செனட்டரின் மனம் மாறினால் நின்றுபோகாதபடி. இப்படி ஒப்புக்கொள்ளும் அரசு கிடைக்காவிட்டால் அந்த மூன்று பங்கும் காத்திருக்கட்டும்.

கடைசிப் பங்கு, திருப்பி அடிக்கும் நாளுக்கு. உள்நாட்டு நீதிபதி, வழக்கறிஞர், சாட்சி ஆகியோரின் விசா, வழக்குச் செலவு, குடும்பத்தோடு வெளியேறினால் இரண்டாண்டு வாழ்க்கைச் செலவு. காபூலிலும் குவாத்தமாலா நகரிலும் இந்தத் தலைப்பில் போதிய ஒதுக்கீடு இருந்ததாகத் தெரியவில்லை.

மேலிருந்து வரும் ஆணையமும் ஊர் மட்டத்து நீதியும் ஒன்றையொன்று தாங்கக்கூடியவை என்பதற்கும் குவாத்தமாலாவே சாட்சி. 2023 அதிபர் தேர்தலில் பெர்னார்டோ அரேவலோ வென்றபோது தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம் அந்த வெற்றியைக் கவிழ்க்க முயன்றது. அக்டோபரில் நெடுஞ்சாலைகளை மறித்து நாட்டை நிறுத்தியவர்கள் டோட்டோனிகபானின் 48 கன்டோன் உள்ளிட்ட பழங்குடி ஊரமைப்புகள். அரேவலோ 2024 ஜனவரியில் பதவியேற்றார். தகராறுகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டு பல தலைமுறைகளாக இயங்கும் அந்த ஊரமைப்புகளை எந்த நன்கொடையாளரும் உருவாக்கவில்லை.

திட்டக் காலம் பற்றி ஒன்று மட்டும். சியரா லியோனில் முதல் உதவியாளர் அமர்ந்ததிலிருந்து சட்டம் நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆயின. அரசின் சட்ட உதவி வாரியம் செயல்படத் தொடங்க மேலும் மூன்று. நன்கொடைத் திட்டங்களின் வழக்கமான சுழற்சி மூன்றாண்டு முதல் ஐந்தாண்டு. அந்த அளவுக்கு மட்டுமே பணமும் பொறுமையும் இருப்பவர்கள் கிணறு தோண்டிக் கொடுப்பது மேல்.